9.5 அங்குலத்திலிருந்து 400 மில்லிமீற்றருக்கு: தட்டையான கிற்றார் பிரெற்போட்டில கை படியேல்ல

மானிப்பாய்_லீட்:

வணக்கம். இவ்வளவு நாளும் வாசிச்சது 9.5 அங்குல றேடியஸ் (விரல் அமத்துற பலகையான பிரெற்போட்டின்ர குறுக்கு வளைவு; எண் கூடக்கூடத் தட்டை) ஸ்ட்ராற் கிற்றார், நட் (நெக்கின்ர தலைப்பில கம்பி தங்கிற கட்டை) அகலம் 42 மி.மீ. இப்ப கையில இருக்கிறது ஐபனீஸ் ஆர்ஜி கிற்றார், விசார்ட் 3 எண்ட மெல்லிய நெக் (கழுத்து). றேடியஸ் 400 மி.மீ., அதாவது 16 அங்குலத்துக்குக் கிட்ட. நட் 43 மி.மீ., 24 ஜம்போ பிரெற் (பலகையில குறுக்கா நிக்கிற உயரமான உலோகக் கோடு), மிதக்கிற பூட்டுப் பிரிட்ஜ் (உடம்புப் பக்கம் கம்பியளைப் பூட்டிப் பிடிக்கிற, ஸ்பிரிங்கில ஆடுற பாகம்). கம்பித் தடிப்பு 10–46.

எஃப் பாரே (ஆட்காட்டி விரலைக் குறுக்கா வச்சுப் பிடிக்கிற எஃப் கோட்) பிடிச்சால் 2ஆம், 3ஆம் கம்பி ரெண்டும் செத்துப்போகுது. பெருவிரலை மேலால போட்டு 6ஆம் (ஆகத் தடிச்ச) கம்பி பிடிக்கிற கோட் ஒண்டும் எட்டுதில்லை. பென்ட் பண்ணேக்க (கம்பியைப் பக்கவாட்டில தள்ளிச் சுருதி ஏத்தேக்க) பக்கத்துக் கம்பி விரலில ஏறிச் சத்தம் போடுது. ரியூனர் பச்சை காட்டினாலும் கோட் கொஞ்சம் சுருதி கூடின மாதிரிக் கேக்குது. கோயில் திருவிழாவுக்கு வாற இசைக்குழுவில றிதமும் லீட்டும் நான்தான், அதால ரெண்டும் சரிவரவேணும். கையை மாத்தவேணுமோ, கிற்றாரில ஏதும் பிழையோ?

கொக்குவில்_செற்றப்:

தம்பி, முதல்ல கிற்றார், பிறகு கை. பிரிட்ஜில சாடில் (ஒவ்வொரு கம்பியும் தங்கிற துண்டு) நிக்கிற வளைவும் பிரெற்போட் வளைவும் ஒண்டா எண்டு பாருங்கோ. மட்டைத் துண்டில நூலும் பென்சிலும் வச்சு 400 மி.மீ. ஆரத்தில ஒரு வில் கீறி, குழிஞ்ச விளிம்பு உள்ள துண்டை வெட்டி எடுத்தால் அதுதான் உங்கட கேஜ். பிரிட்ஜுக்குக் கிட்டக் கம்பிகளுக்கு மேல வையுங்கோ. நடுவில 3ஆம், 4ஆம் கம்பி மட்டும் முட்டி, ரெண்டு ஓரமும் இடைவெளி விட்டால் சாடில் வளைவு கூட.

பூட்டுப் பிரிட்ஜில அசலான ஃபிலொய்ட் றோஸின்ர வளைவு 10 அங்குலம். அந்தக் கணக்கில வாற எதையும் 400இல பூட்டினால், நடுக் கம்பியோட ஒப்பிட 1ஆம், 6ஆம் கம்பி அரை மி.மீ. மட்டில பதிஞ்சு நிக்கும். ஓரக் கம்பி இரையுது எண்டு பிரிட்ஜை உயர்த்துவீங்கள், நடுக் கம்பி வீணா உயர்ந்துபோகும். இந்த வகையில சாடிலைத் தனித்தனியா உயர்த்த ஸ்குறூ இல்லை. சாடிலுக்கு அடியில தகடு வைக்கிறதுதான் வழி: 1, 6 ரெண்டுக்கும் 0.45 – 0.5 மி.மீ., 2, 5 ரெண்டுக்கும் 0.15. நடு ரெண்டையும் தொடாதேங்கோ. மோட்டார் சைக்கிள் பார்ட்ஸ் கடையில வால்வு இடைவெளி பார்க்கிற ஃபீலர் கேஜ் வாங்கினால் அளக்கவும் உதவும், அதின்ர தகட்டையே வெட்டியும் வைக்கலாம். சோடாப் பேணித் தகடு ஏறத்தாழ 0.1 மி.மீ.; ஒண்டு ரெண்டு அடுக்கலாம், அஞ்சு அடுக்கினால் சாடில் ஆடும், தொனி செத்துப்போகும். வேலை தொடங்க முதல் பிரிட்ஜுக்குப் பின்னால மரத்துண்டு இறுக்கி அசையாமல் வையுங்கோ. இல்லாட்டி ஒரு கம்பி தளர்த்த மற்ற அஞ்சும் ஓடும்.

அடுத்தது நெக்கின்ர நீளவாட்டு வளைவு. சுருதி சேர்த்து, 1ஆம் பிரெற்றில காப்போ (எல்லாக் கம்பியையும் அமத்திப் பிடிக்கிற கிளிப்) போட்டு, நெக் உடம்போட சேருற இடத்தில 6ஆம் கம்பியை அமத்தி, 8ஆம் பிரெற்றில இடைவெளி பாருங்கோ. ஸ்ட்ராற் செய்யிற ஃபெண்டர் கொம்பனி தன்ர அட்டவணையில 9.5 – 12 அங்குலத்துக்கு 0.010 அங்குலமும், 15 – 17க்கு 0.008உம் குடுத்திருக்கு. உங்களுக்கு 0.2 மி.மீ., சாதாரண அச்சுத்தாள் ரெண்டு மடிப்பு. ட்ரஸ் றொட்டை (நெக்குக்குள்ள இருந்து இந்த வளைவைத் திருத்துற உலோகத் தண்டு) ஒரு தடவையில கால் சுற்றுக்கு மேல திருப்பக்கூடாது. திருப்பிச் சுருதி சேர்த்துப்போட்டுத்தான் திரும்ப அளக்கிறது. கடைசியா 17ஆம் பிரெற்றில உயரம்: 6ஆம் கம்பி 1.6, 1ஆம் கம்பி 1.2 மி.மீ.

சோளகம் வீசேக்க ஒருக்கா, மாரி மழை பிடிச்சாப் பிறகு ஒருக்கா இந்த அளவைத் திரும்பப் பார்க்கவேணும். எங்கட காத்துக்கு நெக் அசையாமல் நிக்காது.

ஆறுகம்பி_யாழ்:

அண்ணை சொன்ன செற்றப் சரி. ஆனால் கையில தெரியிற வித்தியாசம் முழுக்க றேடியஸால எண்டு நான் ஒத்துக்கொள்ளமாட்டன். கணக்கைப் பாருங்கோ. நட்டடியில ஓரக் கம்பி நடுவிலிருந்து 17.5 மி.மீ. தள்ளி இருக்கு எண்டு வச்சால், 9.5 அங்குலத்தில அந்த இடம் உச்சியைவிட 0.63 மி.மீ. பள்ளம், 400இல 0.38. வித்தியாசம் கால் மில்லிமீற்றர். அதே நேரம் விசார்ட் 3 நெக்கின்ர தடிப்பு 1ஆம் பிரெற்றில 19 மி.மீ. வழமையான ஸ்ட்ராற் நெக் 21 மட்டில வரும். பெருவிரல் எட்டாததுக்கும் கை உளையிறதுக்கும் அந்த ரெண்டு மில்லிமீற்றரைத்தான் நான் முதல்ல பிடிப்பன்.

சுருதி கூடுறது ஜம்போ பிரெற்றால. அது ஏறத்தாழ 1.4 மி.மீ. உயரம். கம்பி பிரெற்றைத் தொட்டதோட நிப்பாட்டாமல் மரம் தொடுமட்டும் அமத்தினால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறும். ரியூனரைப் போட்டு 3ஆம் கம்பி 5ஆம் பிரெற்றை மெல்ல மெல்ல அமத்திப் பாருங்கோ: சத்தம் தெளியிற இடம் ஒண்டு, முள் மேல ஏறத் தொடங்கிற இடம் இன்னொண்டு. கை நிக்கவேண்டியது முதல் இடத்தில.

சுண்டிக்குளி_பிக்:

கால் மில்லிமீற்றரைச் சும்மா தள்ளாதேங்கோ. 1ஆம் பிரெற்றுக்கு மேல கம்பி நிக்கிற உயரமே அரை மில்லிமீற்றர் மட்டில எண்டால், கால் எண்டது அதில பாதி. பாரேயில அது தெரியும். தடிப்பைப் பற்றிச் சொன்னது சரி.

எஃப் கோட்டில ஒரு விசயம் ஒருத்தரும் பிரிச்சுப் பார்க்கேல்ல. அதில ஆட்காட்டி விரல் உண்மையா அமத்தவேண்டியது 6, 2, 1 மூண்டும்தான். 3ஆம் கம்பியை 2ஆம் பிரெற்றில நடுவிரல் பிடிக்குது. அது செத்தால் பாரேயில பிழை இல்லை: பிரெற்றை விட்டுப் பின்னால போயிருக்கும், இல்லாட்டி நடுவிரல் படுத்துப்போச்சு. நுனி நிமிந்து பிரெற்றுக்கு ஒட்டி விழவேணும். 2ஆம் கம்பி செத்தால்தான் ஆட்காட்டி விரல். வளைஞ்ச போட்டில நேரான விரல் நடுக் கம்பியைத் தானா அமத்தும், கஷ்டம் ஓரத்தில. தட்டையில ஆறும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், அதால விரலில இருக்கிற மடிப்புப் பள்ளம் எந்தக் கம்பியில வருகுதோ அது சாகும். விரலை 3, 4 மி.மீ. மேல தள்ளி 6ஆம் கம்பியைத் தாண்ட விடுங்கோ, மடிப்பு இடம் மாறும். பிறகு நட் பக்கமாக் கொஞ்சம் உருட்டி எலும்புப் பக்கத்தால அமத்துங்கோ. பெருவிரலால நசுக்கிறதை விட்டு, முழங்கையை உடம்போட சேர்த்துக் கையின்ர பாரத்தால பின்னுக்கு இழுக்கிறது.

பெருவிரல்: கோட்டுக்கு நெக்கின்ர நடு முதுகில, நடுவிரலுக்கு நேர. பென்ட்டுக்குத் திரும்ப மேல் ஓரத்தைக் கொழுவிப் பிடிக்கவேணும், ஏனெண்டால் மணிக்கட்டு சுழல ஒரு பிடி தேவை. இந்த ரெண்டு நிலைக்கும் நடுவில மாறுறதுதான் பழகவேண்டிய வேலை. மேலால பிடிக்கிற கோட்டை விட்டாலும் குடி முழுகாது. பேஸ் வாசிக்கிற ஆள் இருந்தால் 6ஆம் கம்பியைப் பெருவிரல் நுனியால தொட்டு ஊமையாக்கினால் காணும். ஸ்ட்ராப்பைக் கட்டையாக்குங்கோ: இருந்து வாசிக்கேக்க கிற்றார் எந்த உயரமோ, நிண்டாலும் அதே உயரம்.

பென்ட்: தட்டையில கம்பி மேடு ஏறத்தேவையில்லை, அதால அக்‌ஷனைப் (கம்பி நிக்கிற உயரத்தை) பதிச்சு வச்சாலும் மேல் பிரெற்றில முட்டிச் சாகாது. ஆனால் பதிஞ்ச கம்பி விரலில இலேசா ஏறும். மோதிரவிரல் தள்ள, நடுவிரலும் ஆட்காட்டியும் அதே கம்பியில பின்னுக்கு நிண்டு உதவவேணும். ஆட்காட்டியின்ர நுனி மேல் கம்பியைத் தொட்டு அடக்கும், அதுக்கும் மேல இருக்கிற தடிச்ச கம்பியள் வலக்கை உள்ளங்கைக்கு. 2ஆம் கம்பி 10ஆம் பிரெற்றை முழுச் சுரம் தள்ளி, 12ஆம் பிரெற்றோட ஒப்பிட்டு நாலு அடி பிடிச்சு வையுங்கோ, மெட்ரோனோம் 60இல. வீணையில தந்தியை இழுத்துக் கமகம் பிடிக்கிற காது இருந்தால் இது கெதியாப் பிடிபடும். ஒண்டு நினைவிருக்கட்டும்: மிதக்கிற பிரிட்ஜில ஒரு கம்பியைத் தள்ள மற்றதெல்லாம் சுருதி இறங்கும். ஸ்ட்ராற்றில ஒரு கம்பியை நிறுத்தி மற்றதைத் தள்ளின லிக் (சின்ன வாசிப்புத் துண்டு) எல்லாம் இதில பேசுறது கஷ்டம். நிறுத்தின கம்பியையும் துளி தள்ளவேணும்.

மானிப்பாய்_லீட்:

நன்றி அண்ணைமார். அளந்தன்: மட்டைக் கேஜில நடு ரெண்டு கம்பிதான் முட்டுது, நெக் இடைவெளி 0.35. தகடு வச்சு, றொட்டைத் திருப்பி 0.2க்குக் கொண்டந்தாச்சு. 3ஆம் கம்பி நடுவிரலால செத்தது எண்டது சரி. மிச்சம் ஒண்டு: பிக் (கம்பியை மீட்டுற சின்னத் துண்டு) 1ஆம் கம்பியில ஆழமாப் போய்க் கொழுவுது. அதுவும் றேடியஸோ?

சுண்டிக்குளி_பிக்:

ஓம். பிரிட்ஜடியில 9.5இல ஓரக் கம்பி உச்சியைவிட 1.4 மி.மீ. கீழ, உங்கட வலக்கை அந்த வளைவைப் பின்தொடர்ந்து இறங்கப் பழகியிருக்கு. இப்ப 0.8தான். பழைய அளவுக்கு இறங்கினால் பிக் கம்பிக்குக் கீழ அரை மி.மீ. கூடப் போகும், கொழுவும். பிக் நுனி விரலுக்கு வெளியில 2, 3 மி.மீ. தெரிஞ்சால் போதும், கம்பிக்குக் கீழ போறது 1 மி.மீ. 6இலிருந்து 1 வரைக்கும் கீழ் அடியில, எல்லாக் கம்பியும் ஒரே சத்தத்தில வருமட்டும் 60இல வாசியுங்கோ. பாம் மியூட்டுக்கு (உள்ளங்கையால கம்பியை அடக்கி வாசிக்கிறதுக்கு) உள்ளங்கை ஓரம் ஆறு கம்பியிலயும் ஒரே மட்டத்தில படுக்கும், அதால பாரம் குறையுங்கோ. பிரிட்ஜின்ர பின் பக்கத்தை அமத்தினால் முழுக் கோட்டும் சுருதி ஏறிப்போகும்.