ஐஎம்டி இன்டர்வியூ: பொட்டாசியம் 7.1, எதை முதலில் சொல்வது?

கேள்வி:
பிரிட்டன் ஐஎம்டி (இன்டர்னல் மெடிசின் டிரெய்னிங், பொது மருத்துவப் பயிற்சி) இன்டர்வியூவுக்குத் தயாராகிறேன். பயிற்சி கேஸ் இது: 72 வயது, இதயச் செயலிழப்பு, ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எடுக்கிறார், மூன்று நாளாக வாந்தி பேதி. ரத்தத்தில் பொட்டாசியம் 7.1 மிமோல்/லிட்டர், ஆபத்தான உயர்வு என்று லேபிலிருந்து போன். மருந்தெல்லாம் தெரியும், பேச ஆரம்பித்தால் வரிசை குழம்புகிறது.

பதில் 1:
போனிலேயே தொடங்குங்கள் டாக்டர். வார்டு நர்ஸிடம் நியூஸ்2 ஸ்கோர் (நாடி, பிரஷர், மூச்சு போன்றவற்றை வைத்து நோயாளியின் நிலையைச் சொல்லும் மதிப்பெண்) கேளுங்கள், மானிட்டர் மாட்டி 12 லீட் ஈசிஜி எடுக்கச் சொல்லுங்கள், பிறகு கிளம்புங்கள். போனதும் ஏபிசிடிஇ (சுவாசப் பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, உடல் முழுதும் என்ற பரிசோதனை வரிசை). "ஈசிஜி பார்ப்பேன்" என்று மட்டும் சொன்னால் மார்க் வராது. கூரான டி அலை, காணாமல் போன பி அலை, அகன்ற கியூஆர்எஸ் என்று தேடுவதைப் பெயர் சொல்லுங்கள். மாதிரியில் ரத்த அணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக ஏறியதா என்று பார்க்க வீனஸ் கேஸ் (சிரை ரத்தத்தில் உடனடிப் பரிசோதனை) அனுப்பலாம். ஆனால் ஈசிஜி மாறியிருந்தால் அதற்காகக் காத்திருக்கக் கூடாது.

மாறியிருந்தால் முதலில் 10% கால்சியம் குளுக்கோனேட் 30 மிலி, 10 நிமிடத்தில். இது பொட்டாசியத்தைக் குறைக்காது, இதயத்தைக் காப்பாற்றி நேரம் வாங்கித் தரும். இந்தக் காரணத்தைச் சொன்னாலே வரிசை தானாக வந்துவிடும். ஈசிஜியைத் திரும்ப எடுங்கள். மாற்றம் அப்படியே இருந்தால் இன்னொரு டோஸ். அடுத்து பொட்டாசியத்தைக் குறைக்க 10 யூனிட் இன்சுலினும் 25 கிராம் குளுக்கோஸும் 15 நிமிடத்தில். கூடவே சால்பியூட்டமால் நெபுலைசர். இதய நோயாளி என்பதால் 20 வேண்டாம், 10 மிகி போதும்.

பதில் 2:
மேலே சொன்னதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். இன்சுலின் போட்ட பிறகு சர்க்கரை இறங்குவதுதான் உண்மையான ஆபத்து. 15, 30, 60 நிமிடத்தில் பார்த்து, குறைந்தது 6 மணி நேரம் தொடருங்கள். தொடங்கும்போதே சர்க்கரை 7 மிமோல்/லிட்டருக்குக் கீழே இருந்தால் 10% குளுக்கோஸ் மணிக்கு 50 மிலி, 5 மணி நேரம். பொட்டாசியத்தை 1, 2, 4, 6 மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்; இன்சுலினின் வேலை முடிந்ததும் மறுபடி ஏறும்.

காரணத்தையும் விடாதீர்கள். பொட்டாசியத்தை ஏற்றும் ராமிப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் இரண்டையும் நிறுத்த வேண்டும். நீரிழப்புக்கு சலைன் கொடுக்கலாம், ஆனால் இதயம் பலவீனம். 250 மிலி கொடுத்து, நெஞ்சில் ஸ்டெத் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்தது. சிறுநீர் அடைப்பா என்று பிளாடர் ஸ்கேன்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. ரெஜிஸ்ட்ராரை (மூத்த டாக்டரை) எப்போது கூப்பிடுவது? கடைசியிலா?

பதில் 2:
கடைசி வரை வைக்காதீர்கள். கால்சியம் ஓடும்போதே கூப்பிடுங்கள். "72 வயது, பொட்டாசியம் 7.1, கியூஆர்எஸ் அகன்றிருக்கிறது, கால்சியம் ஓடுகிறது, இன்சுலின் தயாராகிறது, நேரில் வர வேண்டும்" என்றால் போதும். சிகிச்சைக்குப் பிறகும் பொட்டாசியம் இறங்கவில்லை, அல்லது சிறுநீர் வரவில்லை என்றால் டயாலிசிஸுக்காக சிறுநீரகக் குழுவையும் ஐசியுவையும் அழைப்பேன் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.