பதில்: வேலைக்குச் சைக்கிளில் போய்வருவதும் உடல்நலமும் – கலைச்சொல் வேண்டும்

அனைவருக்கும் வணக்கம்.

சைக்கிள் மிதித்தோ நடந்தோ வேலைக்குப் போய்வருவதைக் குறிக்க ஒரு தமிழ்க் கலைச்சொல் கேட்டிருந்ததற்கு அண்ணா "சுறுசுறுப்புப் பயணம்" என்றும், அக்கா "உடற்பயிற்சிப் பணிப்பயணம்" என்றும் எழுதியிருந்தீர்கள். இலங்கை மலைநாட்டின் ஹட்டன் பக்கத்திலிருந்து பார்க்கையில் இரண்டும் இடிக்கின்றன. சுறுசுறுப்பு ஆளின் குணம். நாம் பெயரிட வேண்டியதோ ஆளை நகர்த்தும் வலுவுக்கு. உடற்பயிற்சி விரும்பிச் செய்வது. லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசைவீட்டிலிருந்து, மலைக்கு ஏறும் தேயிலைக் கொழுந்துக்காரப் பெண் பயிற்சிக்காக ஏறவில்லை. பஸ் காசை மிச்சம் பிடிக்க ரவுனுக்கு நடந்து வரும் கடைப்பையனும் அப்படித்தான். "பணிப்பயணம்" என்றால் அரச அலுவலர் கொழும்புக்குக் கூட்டத்துக்குப் போவதைத்தான் பலரும் நினைப்பார்கள்.

தரவுகளைத் தொடும்போது சொல்லின் எல்லை இன்னும் முக்கியமாகிறது. யூகே பயோபேங்க் என்னும் பிரித்தானிய உடல்நலத் தரவுத் திரட்டு 2006 முதல் 2010 வரை, 40–69 வயதுள்ள ஏறத்தாழ ஐந்து இலட்சம் தன்னார்வலரின் விவரங்களைத் திரட்டியது. ஆய்வாளர்கள் விண்ணப்பித்து அதைப் பயன்படுத்தலாம். அந்தத் தன்னார்வலரில் வேலைக்குப் போகும் 263,450 பேரைச் சுமார் ஐந்து ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. வாகனத்தில் போனோரைவிடச் சைக்கிளில் போனோரிடையே இறப்பு வீதம் 41% குறைவு. நடந்து போனோருக்கு இதய நோய் குறைவாக இருந்தது. ஒட்டுமொத்த இறப்பில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் குடிசன மதிப்புப் பதிவுகளை இறப்புப் பதிவுகளோடு இணைத்து 2020இல் வந்த இன்னோர் ஆய்விலோ சைக்கிளுக்கு 20% குறைவுதான் கிடைத்தது. இரண்டும் தொடர்பைக் காட்டுகின்றன, காரணத்தை நிறுவவில்லை. ஏற்கெனவே நோயுள்ளவர் சைக்கிள் ஏறமாட்டார் என்பதும் இந்த எண்களுக்குள் கலந்திருக்கும்.

அந்தக் குடிசன மதிப்பில் பயணமுறைக்கு ஒரே பெட்டியில்தான் குறியிடலாம். தூரத்தால் மிக நீண்ட பகுதி எதுவோ அதற்கு. அதே கேள்வியை இங்கே கேட்டால், லயத்திலிருந்து மெயின் ரோட்டுக்கு இறங்கி நடந்து, பிறகு பஸ் பிடிப்பவர் "பஸ்" என்று பதிவாவார். அவருடைய நடை எந்தக் கணக்கிலும் வராது. ஆகவே நமது சொல் முழுப் பயணத்துக்கும், அதன் ஒரு பகுதிக்கும் பொருந்த வேண்டும்.

என் முன்மொழிவு: தன்வலு வேலைப்போக்குவரவு. "வலு" நம் பாடசாலை விஞ்ஞானப் புத்தகத்தில் power என்பதற்குப் பழகிய சொல். "போக்குவரவு" இரு திசையையும் சொல்கிறது. மலைநாட்டில் அது கட்டாயம் வேண்டும்: காலையில் இறக்கம், பின்னேரம் ஏற்றம். ஒரே தூரந்தான், உடம்பு படும் பாடு ஒன்றல்ல. தூரத்தை மட்டும் எழுதிக்கொண்டு ஏற்றத்தை விட்டுவிடும் ஆய்வு நுவரெலியாவுக்கு உதவாது.

---

தம்பி, "வேலைப்போக்குவரவு" எனக்குச் சம்மதம், "பணி"யை விட்டுவிடுவோம். இரண்டு கேள்வி. தமிழ்நாட்டில் "வலு" என்றால் உடல் பலம். நாம் வலு என்பதை அவர்கள் பாடநூல் "திறன்" என்கிறது. அவர்களுக்கு விளங்குமா? மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வரும் மின்சைக்கிளை எங்கே வைப்பது? ஏற்றமுள்ள உங்கள் ஊருக்குத்தான் அது முதலில் தேவைப்படும்.

---

அக்கா, பலம் என்று எடுத்தாலும் பொருள் கெடாது. தன் பலத்தால் போய்வருவது என்றே வரும். மின்சைக்கிளுக்கு "பகுதித் தன்வலு" என்று கிளைச்சொல் வைக்கலாம். மிதிப்பவரின் வலுவும் சேர்வதால் மோட்டார் சைக்கிளோடு அதைச் சேர்க்கக் கூடாது. நடையையும் சைக்கிளையும் அட்டவணையில் ஒரே நிரலில் கூட்டிவிடாதீர்கள் என்றும் குறிப்பு வேண்டும், முடிவுகள் வேறுபடுவதால். கொழுந்து பறிக்கும்போது மலையில் நடப்பது வேலையின் பகுதி. அது இதற்குள் வராது. வேலைநேர உழைப்பை வேறு நிரலில் பதிய வேண்டும்.

கலைச்சொற் பட்டியலுக்கு இப்படி அனுப்புகிறேன்:

தன்வலு வேலைப்போக்குவரவு: வீட்டிலிருந்து வேலை தொடங்கும் இடத்துக்கும், அங்கிருந்து வீட்டுக்கும், முழுத்தூரமோ ஒரு பகுதியோ, நடந்தோ சைக்கிள் மிதித்தோ போய்வருதல். முறை, தூரம், ஏற்றம் மூன்றையும் தனித்தனியே பதிக.