‘ஓமோன் தடுப்பி’ என்ற சொல்லைப் பிரிக்க வேண்டும்

அன்புடையீர்,

மூளையின் அடியிலுள்ள கபச்சுரப்பியின் ஓமோன்களையோ அவற்றின் வேலையையோ குறைக்கும் மருந்துகள் எல்லாமே நமது மருந்துச் சொற்பட்டியலில் ‘ஓமோன் தடுப்பி’ என்று நிற்கின்றன. இது ஆபத்தான பெயர். ஒக்றியோரைட், வளர்ச்சி ஓமோன் சுரப்பதையே குறைக்கிறது. பெக்விசோமன்ற் சுரப்பைத் தொடாது. ஈரல் முதலிய இடங்களில் அந்த ஓமோன் வந்து பற்றும் வாங்கியை மறிக்கிறது. (தமிழ்நாட்டார் ஏற்பி என்பர்.) முதலாவதில் வளர்ச்சி ஓமோனும், அதன் தூண்டலால் ஈரல் சுரக்கும் ஐஜிஎஃப்-1 உம் இறங்கும். இரண்டாவதில் ஐஜிஎஃப்-1 மட்டுமே இறங்கும். வளர்ச்சி ஓமோன் ஏறவும் கூடும். இரண்டையும் ஒரே பெயரில் எழுதினால், அறிக்கையைப் பார்க்கிறவர் மருந்து பிடிக்கவில்லை என்று அளவைக் கூட்டிவிடுவார்.

முதலாவதற்குச் ‘சுரப்படக்கி’, இரண்டாவதற்கு ‘வாங்கிமறிப்பி’. குறைந்ததை நிரப்புபவற்றுக்கு ‘ஈட்டு ஓமோன்’ சரிவருமா?

---

ஐயா, வணக்கம்.

பிரிப்புச் சரி. பாலியல் ஓமோன்களைக் குறைக்கக் கொடுக்கும் லியூப்புரோலைட்டும் சுரப்படக்கிதான், ஆனால் அதற்கு ஓர் அடிக்குறிப்பு வேண்டும். முதல் ஒன்றிரண்டு வாரம் அது கபச்சுரப்பியைத் தூண்டும். இடைவிடாத தூண்டலால் வாங்கிகள் மரத்த பிறகே சுரப்பு விழும். முன்னிற்கும் சுரப்பிப் (புரொஸ்ரேற்) புற்றுநோய் முள்ளந்தண்டுக்குப் பரவியவருக்கு, அப்போது வரும் ஆண் ஓமோன் ஏற்றத்தால் முள்ளந்தண்டுக்குள் ஓடும் முண்ணாண் நெரிபடலாம். அதனாலேயே ஆண் ஓமோனின் வாங்கிமறிப்பிக் குளிசையை முன்கூட்டியே தொடங்குகிறார்கள்.

‘ஈட்டு ஓமோன்’ வேண்டாம். ஈடு என்றால் எங்கள் சனத்துக்குக் காணி ஈடு வைப்பதுதான். ‘பதிலீட்டு ஓமோன்’ போதும். ஆனால் ‘கபச்சுரப்பிப் பதிலீடு’ என்று பொதுவாக எழுதக்கூடாது. வளர்ச்சி ஓமோன் குறைந்தவருக்கு அதே ஓமோனை, சோமற்றோபினாகக் கொடுக்கிறோம். சிறுநீரகத்தின் மேலுள்ள அதிரீனல் சுரப்பியைத் தூண்டும் ஓமோன் குறைந்தவருக்கோ கொடுப்பது அதிரீனலின் சொந்த ஓமோனான கோட்டிசோல், ஐதரோகோட்டிசோன் என்ற மருந்தாக. வளர்ந்தவருக்கு வழக்கமாக நாளுக்கு 15–20 மி.கி., பிரித்து, பெரும்பங்கு எழும்பியவுடன். தைரொயிட்டைத் தூண்டும் ஓமோனுக்குப் பதில் தைரொயிட்டே சுரக்கும் தைரொக்சின். இரண்டும் குறைந்திருந்தால் ஐதரோகோட்டிசோன் முந்த வேண்டும். தைரொக்சின் முந்தினால் எஞ்சிய கோட்டிசோலும் விரைவாகக் கழிந்து, இரத்த அமுக்கம் விழுந்து உயிருக்கே மோசமாகும். ஆகவே கொடுப்பதன் பெயரே நிற்கட்டும்: ‘அதிரீனல் பதிலீடு’, ‘தைரொயிட் பதிலீடு’.

---

ஏற்றுக்கொள்கிறேன். டெஸ்மோபிரெசின் இயற்கை ஓமோன் அல்ல, சிறுநீரைக் கட்டுப்படுத்தும் வாசோபிரெசின் என்ற ஓமோனைப் பார்த்துச் செய்தது. ‘ஒப்பு ஓமோன்’ என்போம். ‘போலி’ என்றால் நோயாளி குளிசையை எறிந்துவிடுவார். அது தணிக்கும், சிறுநீர் அளவுக்கு மிஞ்சிப் போகும் வருத்தத்தை ‘வெல்லமில்லா நீரிழிவு’ என்று எழுதுவதையும் விடுவோம். நீரிழிவு என்றதும் சீனி வருத்தமென்று எண்ணி வாட்டில் டெஸ்மோபிரெசினை நிறுத்தினால், உடல் நீர் வற்றி இரத்தச் சோடியம் ஏறும். diabetes insipidus என்ற ஆங்கிலப் பெயரையே 2022 இல் மாற்றப் பரிந்துரைத்ததும் இதற்காகத்தான். ‘வாசோபிரெசின் குறைபாடு’ என்று பதிகிறேன்.