கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ கேஸில் 336 மி.மீ. கிராபிக்ஸ் கார்டும் 360 ஏஐஓ வாட்டர் கூலரும் சேர்ந்து உட்காருமா?

ஃப்ரேம்ரேட் (கேள்வி)

ரைசன் 7 7800எக்ஸ்3டி, பி650 ஏடிஎக்ஸ் போர்டு, ஆர்டிஎக்ஸ் 4070 டிஐ சூப்பர் (மூன்று ஃபேன் மாடல், நீளம் 336 மி.மீ., உயரம் 150), 850 வாட் பவர் சப்ளை (160 மி.மீ.), ஒரு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க். ஏசி இல்லாத அறை, மே மாதத்தில் 36 டிகிரிக்குக் குறையாது.

கேஸ் இரண்டில் ஒன்று. கோர்சேர் 4000டி ஏர்ஃப்ளோ: இரண்டு ஃபேன்தான் வருகிறது. இன்னொன்று விலை குறைவு: முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, நான்கு ஆர்ஜிபி ஃபேன். நான்கு ஃபேன் இருப்பதால் அதுதான் கூலாக இருக்கும் என்கிறார் கடைக்காரர். முன்பக்கம் 360 ஏஐஓ (சிபியுவைத் தண்ணீரால் குளிர்விக்கும், 360 மி.மீ. ரேடியேட்டர் உள்ள கூலர்) மாட்ட நினைக்கிறேன். எதை எதை அளந்து பார்க்க வேண்டும்?

கேபிள்கட்டு

ப்ரோ, முதலில் நீளம். 4000டி ஏர்ஃப்ளோவில் கார்டுக்கு அதிகபட்சம் 360 மி.மீ. என்று போட்டிருக்கும். ரேடியேட்டர் தடிமன் வழக்கமாக 27 மி.மீ. 360-இல் 27 போனால் 333. உங்கள் கார்டு 336. முன்பக்க ஃபேனின் 25 மி.மீ.யையும் கழிக்க வேண்டி வந்தால் 308தான் மிச்சம். எப்படிப் பார்த்தாலும் முன்னாடி ஏஐஓ உட்காராது. ரேடியேட்டர் இல்லாமல் வெறும் ஃபேன் என்றால் கார்டு போகும். எந்தக் கேஸ் வாங்கினாலும் இந்தக் கழித்தலைக் காகிதத்தில் போட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள்.

அடுத்து கண்ணாடிப் பக்கம். இதைத்தான் நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் கார்டில் 16 பின் பவர் கனெக்டர். கனெக்டரிலிருந்து 35 மி.மீ. வரை கேபிளை வளைக்காமல் விட வேண்டும். ஒட்டி மடித்தால் பின் சரியாகக் கவ்வாமல் சூடேறி உருகும் அபாயம் உண்டு. இந்தக் கேஸில் சிபியு கூலர் உயரம் 170 மி.மீ. வரை, அதாவது போர்டுக்கும் பக்கக் கண்ணாடிக்கும் நடுவே ஏறக்குறைய அவ்வளவுதான் இடம். கார்டே 150 என்றால் கண்ணாடிக்கு முன் கிடைப்பது ஏறக்குறைய 20, 25 மி.மீ.தான். அதனால் 90 டிகிரி கனெக்டர் உள்ள கேபிள் வாங்குங்கள். எந்தப் பக்கம் திரும்பும் வகை என்று கார்டின் லாட்ச் (கனெக்டரைப் பூட்டும் கொக்கி) திசையைப் பார்த்து வாங்க வேண்டும், இரண்டு வகை உண்டு. இல்லையென்றால் சுமார் 305 மி.மீ. நீளத்தில் வரும், உயரம் குறைந்த கார்டுக்கு மாறுவது நல்லது.

இன்னொன்று: வெறும் 4000டி என்றும் ஒரு கேஸ் உண்டு, அதன் முகப்பு மூடிய தகடு. ஓட்டை போட்ட முகப்பு உள்ளதுதான் ஏர்ஃப்ளோ. ஃப்ரேம் 4000டி என்பது 2025-இல் வந்த வேறு கேஸ். அட்டைப்பெட்டி லேபிளைப் படித்துப் பார்த்து வாங்குங்கள்.

பாசிட்டிவ்பிரஷர்

கடைக்காரர் சொன்ன நான்கு ஃபேன் கணக்கை நம்ப வேண்டாம். முன்னால் கண்ணாடி அடைத்திருந்தால் காற்று ஓரத்து இடுக்கு வழியாக மட்டும்தான் உள்ளே வரும். உங்கள் கார்டு மட்டும் 285 வாட் சூட்டைக் கேஸுக்குள் கொட்டப்போகிறது. மலிவு கேஸ்களில் வரும் ஃபேன்களில் பல மோலெக்ஸில் (பவர் சப்ளையிலிருந்து நேராக வரும் 4 பின் பிளக்) செருகுபவை. வேகத்தை மாற்றவே முடியாது. கடையில் ஃபேன் ஒயரை இழுத்து, நுனியில் என்ன பிளக் என்று பாருங்கள்.

முகப்பு காற்றை அடைக்கிறதா என்று அறிய எளிய வழி: ஒரே கேமை அரை மணி ஓட்டி ஜிபியு வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். முன் பேனலைக் கழற்றிவிட்டு மறுபடி அரை மணி. இரண்டு முறையும் அறை வெப்பநிலையைக் கழித்து ஒப்பிடுங்கள். 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் குற்றவாளி பேனல்தான். வாங்கும் முன் ரிவ்யூக்களிலும் இந்த ஒப்பீட்டைத் தேடுங்கள்.

4000டி ஏர்ஃப்ளோவுக்கு இரண்டு 120 மி.மீ. ஃபேன் கூடுதலாக வாங்கி, முன்னால் மூன்று உள்ளே, பின்னால் ஒன்று வெளியே. மேலே முன்பக்கமாக ஃபேன் வைக்காதீர்கள். உள்ளே வந்த குளிர்ந்த காற்றை கூலருக்குப் போகும் முன்பே அது உறிஞ்சி வெளியே தள்ளிவிடும். கேஸோடு வரும் ஃபேன்கள் 3 பின். பயாஸில் அந்த ஹெடரை (போர்டில் ஃபேன் செருகும் இடம்) டிசி மோடில், அதாவது வோல்டேஜை மாற்றி வேகத்தைக் கட்டுப்படுத்தும் முறையில் வையுங்கள், 4 பின் ஃபேனுக்கான பிடபிள்யூஎம்மில் விட்டால் முழு வேகத்தில் இரையும்.

ஃப்ரேம்ரேட்

நன்றி. அப்படியென்றால் 360 ஏஐஓவை மேலே மாட்டலாமா?

கேபிள்கட்டு

மேலே 360 போகாது. 240 அல்லது 280தான். அதுவும் ரேம் உயரமாக இருந்தால் 280 இடிக்கும்.

உங்கள் சிபியுவுக்கு ஏஐஓவே தேவையில்லை என்பேன். கேமில் 7800எக்ஸ்3டி 80 வாட்டைத் தாண்டுவது அபூர்வம். தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ 155 மி.மீ. உயரம், தாராளமாக உட்காரும். மிச்சப் பணத்தில் அந்த இரண்டு ஃபேனையும் 90 டிகிரி கேபிளையும் வாங்கிவிடலாம்.

பாசிட்டிவ்பிரஷர்

நானும் அதையே சொல்கிறேன். மாட்டும்போது கவனிக்க: போர்டு வைக்கும் முன் ஸ்டாண்ட்ஆஃப்களை (கேஸில் போர்டைத் தாங்கும் சிறு உலோகத் தண்டுகள்) போர்டின் துளைகளோடு ஒப்பிட்டு, துளை இல்லாத இடத்தில் இருப்பதைக் கழற்றுங்கள், போர்டின் அடியில் பட்டால் ஷார்ட். யுஎஸ்பி 3.0-வின் 19 பின் பிளக்கை நேராக மட்டும் அழுத்துங்கள். சாய்த்தால் போர்டில் பின் வளைந்துவிடும். முன்பக்க டைப் சிக்குத் தனி ஹெடர் வேண்டும், உங்கள் பி650 மாடலில் அது இருக்கிறதா என்று மேனுவலில் பாருங்கள். முன்னால் ஆடியோ ஜாக் ஒன்றே ஒன்றுதான், ஹெட்போனுக்கும் மைக்குக்கும் தனித்தனி பின் என்றால் ஸ்ப்ளிட்டர் தேவை.

கழற்றிய கண்ணாடியை டைல்ஸ் தரையில் நிறுத்தி வைக்கக் கூடாது. டெம்பர்டு கண்ணாடியின் விளிம்பு பீங்கானில் லேசாகத் தட்டினாலே மொத்தமாக நொறுங்கும். படுக்கையிலோ அட்டைப்பெட்டி மேலோ படுக்கப் போடுங்கள்.