லாக்ஸ்டன்: வரப்பில்லாத வயலுக்கு அதிர் எது?

பூதப்பாண்டிக்காரன்:
அன்பர்களுக்கு வணக்கம். என் மகள் குடும்பத்தோடு இங்கிலாந்தில், நாட்டிங்ஹாமில் இருக்கிறாள். கடந்த கோடையில் அங்கே தங்கியிருந்தபோது லாக்ஸ்டன் என்ற சிற்றூருக்கு அழைத்துப் போனார்கள். வழியெல்லாம் செடிவேலி அடைத்த வயல்களையே பார்த்து வந்த எனக்கு, அவ்வூரைத் தாண்டியதும் வேலியோ வரப்போ இல்லாமல், நம் நாஞ்சில்நாட்டில் பற்று என்னும் வயல்வெளியைப் போல ஒரே பரப்பாகக் கோதுமை விளைந்து கிடந்தது வியப்பாக இருந்தது. அது ஒருவருடைய வயலன்று, பலருடைய துண்டுகள் என்றார் மருமகன். வரப்பில்லாமல் அதிரை, அதாவது எல்லையை, எப்படிப் பிரித்தறிகிறார்கள்? இந்த ஏற்பாடு அங்கே மட்டும் எப்படித் தப்பியது?

தக்கலை வாத்தியார்:
அண்ணாச்சி, ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதி முழுவதும் அப்படித்தான் இருந்தது. லாக்ஸ்டனில் மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என மூன்று பெரும்பரப்புகள் உண்டு. ஒன்றில் குளிர்காலக் கோதுமை, அடுத்ததில் வசந்தகால விதைப்பு, மூன்றாவது தரிசு அல்லது தீவனப்புல் என்று ஆண்டுதோறும் சுழற்சி மாறும். ஒவ்வொரு குடியானவருக்கும் மூன்றிலும் துண்டுகள் இருப்பதால், நல்ல மண்ணும் மோசமான மண்ணும் எல்லாருக்கும் பங்காகும். வீடும் தொழுவமும் ஊர்த் தெருவிலேயே நெருங்கியிருப்பதற்கும் அதுவே காரணம். நாம் சென்ட் கணக்கில் விற்று வாங்கும் ஏக்கரும் இப்படிப்பட்ட வயல்களிலிருந்து வந்த அளவுதான்: ஓர் ஏர் ஒரு நாளில் உழக்கூடிய நிலம் அது.

அதிருக்கு மரமுளைதான். நவம்பர் கடைசி வியாழனன்று ஊர் நடுவர்கள் பன்னிருவர் அவ்வாண்டுக் கோதுமை வயலில் இறங்கி, பழைய குறிகளைத் தேடி முளை அடிப்பார்கள். உழவு ஓடாத புல்வெளிக்குள் கலப்பையைச் செலுத்தியவர், வாய்க்காலைத் தூர்வாராதவர் பெயர்களைக் குறித்துக்கொண்டு, ஊர்ச் சத்திரமான டவ்கோட்டில் மதியச் சாப்பாடு முடிப்பார்கள். அடுத்த வாரம் கூடும் ஊர்மன்றத்தில் அபராதம் விதிக்கப்படும். தொகை சிறியதுதான், பத்துப் பேர் முன்னிலையில் பெயர் வாசிக்கப்படுவதே உறைக்கும் என்பது என் கருத்து. 1635-இல் மார்க் பியர்ஸ் வரைந்த வரைபடத்தில் ஒவ்வொரு துண்டும், உழுகிற ஆளும்கூடக் காட்டப்பட்டுள்ளன.

தோவாளையான்:
வாத்தியார் சொன்னது சரி. ஆனால் அதை ஊராரின் ஒற்றுமையாக மட்டும் பார்க்க வேண்டாம். அவர்கள் குத்தகைக்காரர்கள், ஊர்மன்றமும் பண்ணைப் பிரபுவின் மன்றமாகத் தொடங்கியதே. பிற ஊர்களில் நிலவுடைமையாளர்கள் நாடாளுமன்றச் சட்டம் பெற்று வேலியடைத்தார்கள். 1604 முதல் 1914 வரை 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்களால் ஏறத்தாழ 68 இலட்சம் ஏக்கர் அடைபட்டது. பொதுநிலத்தில் பசு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் பிழைத்த ஏழைகளுக்கு அதற்குப் பின் போக்கிடமில்லை. லாக்ஸ்டனிலோ பெரிய உடைமையாளர்கள் இருவருக்குள் ஒத்துவராததால் வேலை இழுத்துக்கொண்டே போயிற்று. சண்டையால் பிழைத்த வயல் அது! பின்னர் 1952-இல் வேளாண் அமைச்சகமும், 1981-இல் அரசுடைமை நிறுவனமான கிரவுன் எஸ்டேட்டும் வாங்கின. 2020-இல் தோர்ஸ்பி எஸ்டேட்டுக்குக் கைமாறியது.

பூதப்பாண்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. என் வயலுக்குக் கிழக்கே இருப்பவர் ஒவ்வொரு கன்னிப்பூவுக்கும் (முதல் போக நெல்லுக்கும்) வரப்பைச் சிறிது செதுக்கித் தன் பக்கம் சேர்ப்பார். மண்வெட்டி பட்ட புதுமண் மினுங்குவதைக் கண்டும் காணாமலும் போய்விடுவேன். சர்வேயருக்காக இருமுறை மனுக் கொடுத்தும் ஆள் வரவில்லை. வரும் நவம்பரில் மகள் வீட்டுக்குப் போகிறேன். அந்த முளையடிப்பை வெளியூரார் பார்க்கலாமா?

தக்கலை வாத்தியார்:
நான் போனபோது ஒருவரும் தடுக்கவில்லை. எட்ட நின்று பார்த்தேன். முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் இல்லாமல் இறங்கிவிடாதீர்கள், அண்ணாச்சி. அது கனத்த செங்களிமண். நம் நாற்றங்கால் சேற்றைப்போலக் காலோடு வந்துவிடும். சத்திரத்தின் பின்புறம் சிறிய காட்சியகம் ஒன்றுண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டு வயலுக்குப் போனால் எந்தத் துண்டு எங்கே என்பது விளங்கும்.