‘குலிசா’: ஒரே அரங்கச் சொல்லுக்கு மொழிதோறும் வெவ்வேறு பொருள் ஏன்?

கேள்வி:
ரஷ்ய மொழியில் ‘குலீசி’ என்றால், நடிகர்கள் மேடையேறும் முன் மறைந்து நிற்கும் சைடு விங் என்று படித்தேன். செக் மொழியிலோ ‘குலிசா’ என்பது வண்ணம் தீட்டி நிறுத்தப்படும் காட்சித் தட்டியைக் குறிக்கிறது. போலிஷ், செர்பியம், பல்கேரியம் ஆகியவற்றிலும் இச்சொல் வழங்குவதால், இது பழைய ஸ்லாவிய வேரிலிருந்து வந்ததா என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
இல்லை ஐயா, இது பிரெஞ்சுச் சொல். ஒழுகுதல், வழுக்கிச் செல்லுதல் என்று பொருள்படும் ‘கூலே’ என்னும் வினையிலிருந்து பிறந்த ‘கூலீஸ்’, முதலில் பலகை நகர்வதற்கான பள்ளத்தைக் குறித்தது. அரங்குகளில் காட்சித் தட்டிகளை இத்தகைய பள்ளங்களில் இழுத்து மாற்றியதால், பள்ளத்தின் பெயர் தட்டிக்கும், பின்னர் தட்டிகளுக்கு இடையே உள்ள மறைவிடத்துக்கும் ஆகிவந்தது. செக் மொழி தட்டியையும் ரஷ்ய மொழி பெரும்பாலும் மறைவிடத்தையும் பற்றிக்கொண்டன. இதில் முரண் ஏதுமில்லை. செக் நாட்டின் தென் பொஹீமியாவில் உள்ள செஸ்கி க்ரும்லோவ் கோட்டை அரங்கில் 1760களைச் சேர்ந்த தட்டிகளும், அவற்றை நகர்த்துவதற்காக மேடைக்கு அடியில் அமைத்த மரப்பொறிகளும் இன்றும் உள்ளன. அவற்றின் படங்களைப் பார்த்தால் என் விளக்கமே தேவைப்படாது.

மறுமொழி 2:
இடையில் ஜெர்மன் மொழி இருந்ததையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். திரைமறைவில் நடப்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘கூலீஸ்களுக்குள்’ என்பார்கள். ஜெர்மானியர்கள் ‘குலிசெகளுக்குப் பின்னால்’ என்பார்கள். ரஷ்யத்தின் ‘ஸா குலீசாமி’, செர்பியத்தின் ‘இஸா குலிசா’, பல்கேரியத்தின் ‘ஸத் குலிசிதெ’ ஆகிய மூன்றும் ‘பின்னால்’ என்றே சொல்வதால், சொல் எவ்வழியில் வந்திருந்தாலும் இந்தத் தொடர் ஜெர்மன் அச்சில் வார்க்கப்பட்டது என்றே கருதுகிறேன். செக் மொழி இன்னும் ஒரு படி மேலே போய், ‘பின்னால்’ எனப் பொருள்படும் ‘ஸா’ முன்னொட்டையும் சொல்லையும் இணைத்து ‘ஸாகுலிஸீ’ என்ற பெயர்ச்சொல்லையே ஆக்கிக்கொண்டது. உக்ரேனிய நாளிதழ்களிலோ, அதே பொருளில், வேறொரு சொல்லைக் கொண்ட ‘ஸா லஷ்தூன்காமி’ என்பதே மிகுதியாகத் தென்படும்.

மறுமொழி 3:
பள்ளம் என்ற மூலப்பொருளும் அழிந்துவிடவில்லை. பொறியியலில், நழுவுகட்டை ஓடுவதற்கான பிளவுடைய உறுப்புக்கு ரஷ்ய மொழியில் ‘குலீசா’ என்றே பெயர். நீராவி எஞ்சின்களில் வால்வை இயக்கிய ஸ்டீபன்சன் இணைப்பும் அவ்வகையைச் சேர்ந்ததே. ரஷ்யக் கார் மெக்கானிக்குகள் கியர் மாற்றும் நெம்புகோலின் இணைப்பையும் ‘குலீசா’ என்றே சொல்கிறார்கள். ஆகவே ரஷ்ய இணையதளங்களில் இச்சொல்லைத் தேடினால், நாடகத்தைவிடப் பழைய கார்களைப் பற்றிய பக்கங்களே முதலில் வரக்கூடும்.