பேக்லாஷ்: ‘பின்னடைவு’ வேண்டாம், ‘திருப்பிடை’ சரிவருமா?

அண்ணாச்சிகளுக்கு வணக்கம்.

கோயம்புத்தூரில் ஒரு பட்டறை ஒதுக்கிய சிஎன்சி (கணினி ஓட்டுகிற) மில்லிங் மெஷினை வாங்கி வந்து, பாளையங்கோட்டை வீட்டுக் கார் ஷெட்டில் பிரித்துப் போட்டிருக்கிறேன். பழைய கன்ட்ரோலர் செத்துவிட்டது; அந்த இடத்தில் லினக்ஸ்சிஎன்சி மென்பொருள். வீட்டில் சிங்கிள் பேஸ்தான் என்பதால் கட்டரைச் சுற்றுகிற ஸ்பிண்டிலின் மோட்டாருக்கு, சிங்கிள் பேஸை மூன்று பேஸாக்கித் தரும் விஎப்டி வைத்தாயிற்று. செய்கிற வேலையை ஐடிஐ பிள்ளைகளுக்காகத் தமிழில் எழுதியும் வருகிறேன். நட்டு, பேரிங், ஸ்பிண்டில் எல்லாம் அப்படியே இருக்கட்டும், கடையில் கேட்டால் அந்தப் பெயரில்தான் கிடைக்கும். ஸ்க்ரூவுக்கும் நட்டுக்கும் நடுவே விழுகிற இடைவெளியான பேக்லாஷில் வந்து, தமிழில் என்ன எழுதுவது என்று பேனா நின்றுவிட்டது.

போன மடலில் ஒருவர் ‘பின்னடைவு’ என்றார். அது ஓட்டு எண்ணுகிற அன்று டிவியில் ஓடுகிற சொல். மெஷினில் எதுவும் பின்னடையவில்லை. மேசையை வலப்பக்கம் ஓட்டி, நகர்வை அளக்கிற டயல் கேஜைப் பூஜ்யத்தில் வைத்து, இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். மேசையை நகர்த்துகிற ஸ்க்ரூ சுற்றும், மேசை அசையாது. ஸ்க்ரூவின் மரைக்கும் நட்டின் மரைக்கும் நடுவே தேய்ந்த இடைவெளி மூடும் வரை அப்படித்தான். ஒரு சுற்றுக்கு 5 மி.மீ. நகர்த்துகிற (5 மி.மீ. பிட்ச்) ஸ்க்ரூவில் இடைவெளி 0.25 மி.மீ. என்றால் 18 பாகை வீண். ஒரு சுற்றை 200 ஸ்டெப்பாகச் சுற்றுகிற மோட்டாரை நேராகக் கோத்திருந்தால் 10 முழு ஸ்டெப் போச்சு. வட்டம் ஒன்று வெட்டினால், அச்சுகள் திசை மாறுகிற நான்கு இடத்திலும் தடம் விழும்.

பட்டறையில் ‘ஆட்டம்’ என்கிறோம். ஆனால் ஜிப் (மேசைத் தடத்தின் தளர்வை இறுக்குகிற பட்டை) தளர்ந்து மேசை பக்கவாட்டில் அசைவதும் ஆட்டம், ஸ்பிண்டில் பேரிங் போனாலும் ஆட்டம். ஜிப்பை எவ்வளவு இறுக்கினாலும் பேக்லாஷ் குறையாது. நோய் வேறு வேறாக இருக்கும்போது பெயர் ஒன்றே என்றால் படிக்கிற பிள்ளை தப்பான திருகைத்தான் முடுக்கும்.

திருப்பும்போது தெரிகிற இடை. ‘திருப்பிடை’ என்று வைக்கலாமா?

பேட்டையிலிருந்து மறுமொழி:

தம்பி, இடை என்றதும் இங்கே பயலுகள் சிரிக்கிறான்கள். லேத்தில் நின்றவன் எவனும் இப்படிச் சொல்ல மாட்டான். கைச்சக்கரம் சும்மா சுத்துது என்பான். அதையே எழுத்துக்கு ஏற்றி ‘வெறுஞ்சுற்று’ என்று வைத்துவிட்டுப் போவீரா, இதற்குப் போய் இலக்கணம் பார்த்துக்கொண்டு?

பாளையங்கோட்டையிலிருந்து:

அண்ணாச்சி, வெறுஞ்சுற்று காதுக்கு நன்றாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கட்டர் உலோகத்தில் படாமல் ஸ்பிண்டில் ஓடுவதும் வெறுஞ்சுற்றுதானே? அப்புறம் பேக்லாஷை மி.மீ. கணக்கில்தான் குறிக்கிறோம். ‘0.25 மி.மீ. வெறுஞ்சுற்று’ ஒட்டவில்லை. சுற்று நடப்பு, நமக்கு வேண்டியது மெஷினை அணைத்த பிறகும் உள்ளே கிடக்கிற இடைவெளியின் பெயர். கியர் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவில் இருப்பதும் அதே இடைதான்.

இன்னொன்று. லினக்ஸ்சிஎன்சி அமைப்புக் கோப்பில் ஒவ்வோர் அச்சுக்கும் இந்த அளவைக் கொடுத்தால், திசை மாறும்போது அது கூடுதலாகச் சுற்றி ஈடுகட்டும். ‘திருப்பிடை ஈடு’ என்று எழுதினால் போதும், விளக்கம் வேண்டாம். ஆனால் ஈடு கணக்கை மட்டும்தான் சரிசெய்கிறது, இடைவெளி இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேசை போகிற திசையிலேயே கட்டர் பல் வெட்டினால், கட்டர் மேசையைத் தன் பக்கம் இழுக்கும். மேசை அந்த இடைவெளி அளவுக்குச் சட்டென்று தாவும், கட்டர் ஒடியும். பழைய ஸ்க்ரூ இருக்கும் வரை எதிர்வெட்டுத்தான் (மேசை போகிற திசைக்கு எதிராகக் கட்டர் பல் வெட்டுவது) வெட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னது இதற்குத்தான். ஈடு என்றதும் குறை தீர்ந்தது என்று பிள்ளைகள் நினைத்துவிடக் கூடாதே, அதனால் இடை சொல்லிலேயே நிற்கட்டும். பயலுகள் சிரித்தால் சிரிக்கட்டும், மறக்க மாட்டார்கள்.

மரையில் குண்டுகள் உருளுகிற பால் ஸ்க்ரூ வந்ததும் இரட்டை நட்டை ஒன்றோடொன்று நெருக்கி இடைவெளியைப் போக்கப்போகிறேன். அந்த ப்ரீலோடுக்கு ‘முன்னிறுக்கம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதற்கும் எதிர்ப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள். அடுத்த அத்தியாயம் அதுதான்.